31 மணி நேரம் எழுந்திருக்காமல் ஆடியது சாதனையா?



போக்கர் திறமை ஆட்டமா, சூதாட்டமா என்று இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரிடம் கேட்கக்கூடிய கேள்விதான். நிகழ்தகவு நடத்துவதற்காகச் சீட்டுக்கட்டை வகுப்புக்குக் கொண்டுபோய், அதற்காகத் தலைமையாசிரியர் அறையில் நின்று விளக்கம் சொன்னவன் நான். என் பதில் இதுதான்: எத்தனையாவது மணி நேரம் என்று முதலில் சொல்லுங்கள். அதே ஆள், அதே நாற்காலி, அதே மேசை. மூன்றாவது மணி நேரத்தில் அது திறமை ஆட்டம். இருபத்தைந்தாவது மணி நேரத்தில் அது சூதாட்டம். கோர்ட்டும் சட்டமும் ஆட்டத்தைப் பார்க்கின்றன. நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிட்டேன். வழிமுறை கீழே இருக்கிறது. விடையை மட்டும் படித்துவிட்டு லைக் போட்டு ஓடுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளிலும் அவர்கள் அப்படித்தான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலின் மேல்தளம், சிவந்த கண்கள், இரண்டு நாள் தாடி. கீழே ‘31 மணி நேரம் நான்ஸ்டாப் போக்கர்’ என்று எழுதியிருந்தார். இதயங்களும் கைதட்டல்களும் குவிந்தன. ‘நம்ம பேட்ச் சிங்கம்டா’ என்றார் ஒருவர். ஜெயித்தாயா, தோற்றாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய மனைவி எனக்கு போன் செய்தார். அவரும் என்னிடம் படித்தவர்தான். “சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பார். ஞாயித்துக்கிழமை காலைல வந்துடறேன்னு சொன்னவர் திங்கக்கிழமை ராத்திரிதான் வந்தார். போன் சுவிட்ச் ஆஃப். பாப்பா ரெண்டு நாளா வாசலையே பாத்துட்டிருந்தா” என்றார். பணத்தைப் பற்றி அந்தப் பெண் ஒரு சொல் சொல்லவில்லை.

இருவரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் கேட்டு யாரும் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.

முதலில் அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேசினோவில் அதிகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்துமாக ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கை சரியில்லை என்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், நம் ரம்மியில் ஸ்கூட் விடுவது போல. மோசமான கையை வைத்துக்கொண்டு பெரிய கை போலப் பந்தயம் கட்டி எதிராளியைப் பயமுறுத்தி ஓடவைக்கவும் செய்யலாம்.

நல்ல ஆட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிகழ்தகவும் மனித சுபாவமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆட்டம் வேறு அதிகம் கிடையாது.

ஆனால் அதில் திறமை எங்கே இருக்கிறது? 52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். அதில் இரண்டும் ஏஸாக வருவது 6 விதம். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. கேசினோ மேசையில் கையால் சீட்டுப் போட்டால் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கும். ஆக, ஜோடி ஏஸ் உங்கள் கைக்கு வர சராசரியாக ஏழரை மணி நேரம் ஆகும். (ஏழரை என்றதும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது.) மற்ற நேரமெல்லாம் சுமார் கை, சொத்தைக் கை. எனவே நல்ல போக்கர்காரர் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஆடாமல் இருப்பது. கவிழ்ப்பார், பார்ப்பார், மறுபடியும் கவிழ்ப்பார். யார் எப்போது எவ்வளவு கட்டினார் என்று மனதில் குறித்துக்கொள்வார். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காது. அந்தச் சலிப்பைத் தாங்குவதுதான் திறமை. களைத்த மனிதனிடமிருந்து முதலில் கழன்று போவதும் அதுதான். குழந்தையைப் பாருங்கள், தூக்கம் வந்தால் முதலில் பொறுமை போகும். பெரியவர்களும் அப்படியே, அழுவதற்குப் பதில் பந்தயம் கட்டுவோம், அவ்வளவுதான்.

அடுத்தது பணம் எங்கே போகிறது என்பது. போக்கரில் நீங்கள் ஆடுவது கேசினோவை எதிர்த்து அல்ல, மேசையில் இருக்கும் மற்றவர்களை எதிர்த்து. “அதனாலதான் சார் இது நியாயமான ஆட்டம்” என்று நம்மவர் வாதாடினார். பாதி சரி. கேசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ரேக் என்று பெயர். சில இடங்களில் அதற்குப் பதிலாக மணிக்கணக்கில் நாற்காலி வாடகை போல வாங்குவார்கள். கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம், இது நானாக எடுத்துக்கொண்ட எண்கள். ஒன்பது பேர், ஆளுக்கு 20,000 ரூபாய். மேசையில் மொத்தம் 1,80,000. ஆட்டத்துக்குச் சராசரி 200 ரூபாய் ரேக். மணிக்கு 30 ஆட்டம் என்றால் 6,000. முப்பது மணி நேரத்தில் 1,80,000. அதாவது அந்த ஒன்பது பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால், கொண்டுவந்த மொத்தப் பணமும் முப்பது மணி நேரத்தில் மேசையை விட்டுக் கீழே இறங்கிவிடும். யாரும் மோசமாக ஆடவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. காலம் மட்டும்தான் கழிந்தது. மேசை காலியாகாமல் இருப்பது ஆட்கள் மறுபடி மறுபடி பணம் மாற்றிக்கொண்டு வருவதால்.

இப்போது புரிகிறதா, காபியும் பிரியாணியும் ஏன் இருக்கும் இடத்துக்கே வருகின்றன என்று?

நம்மவர் எனக்கு ஒரு பெயரைச் சொன்னார், ஃபில் லாக். அமெரிக்காவில் புகழ்பெற்ற போக்கர்காரர், தலையை மூடும் பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்காருபவர். 2010 ஜூனில் லாஸ் வேகாஸில் பெலாஜியோ கேசினோவில் 115 மணி நேரம் போக்கர் ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார். அதற்கு முன் 2004-ல் லாரி ஓம்ஸ்டெட் என்ற பத்திரிகையாளர் ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோவில் 72 மணி நேரம் ஆடியிருந்தார். “115 மணி நேரம் ஆடிட்டு லாபத்தோட எழுந்தார் சார்!” என்று நம்மவர் சொன்னபோது குரலில் அவ்வளவு பெருமை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எழுந்தபோது அவர் கையில் இருந்த லாபம் 6,766 டாலர். 115-ஆல் வகுத்தால் மணிக்கு 59 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதியை நோயுற்ற குழந்தைகளுக்கான ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் ஐந்து நாள் உடம்பைப் பணயம் வைத்துச் சம்பாதித்தது அவ்வளவுதான். கின்னஸ் விதிப்படி மணிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு உண்டு, சேர்த்து வைத்தும் எடுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் சாட்சிகள். என்ன செய்யப் போகிறார் என்று ஊருக்கே தெரியும். அவர் பந்தயம் கட்டியது சீட்டின் மீது அல்ல, நேரத்தின் மீது. மலை ஏறுபவர் மலையைச் சொல்லிவிட்டு ஏறுவது போல. நம்மவர் ஞாயிறு காலை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், காரியம் ஒன்றல்ல.

இந்த 115 மணி நேரத்திலும் லாக் ஒருவர்தான் மாறாமல் இருந்தார். மேசையில் மற்றவர்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நீண்ட நேரம் ஆடுபவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. நீங்கள் இருபதாவது மணியில் இருக்கும்போது, தூங்கி எழுந்து குளித்து டிபன் சாப்பிட்டுவிட்டு ஒருவர் எதிரே வந்து உட்காருவார். அவருக்கு அது முதல் மணி. மாரத்தான் ஓடுபவர்கள் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புகிறார்கள். இங்கே முப்பது கிலோமீட்டர் ஓடியவனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவனை இறக்கிவிட்டு, இருவரில் யார் முந்துகிறார்கள் பார்ப்போம் என்கிறார்கள். இதற்கு மாரத்தான் என்று பெயர் வைத்தவர் ஓட்டம் தெரியாதவர்.

இன்னொன்று. சீட்டுப் போடும் டீலர் எவ்வளவு நேரம் ஒரு மேசையில் இருப்பார் தெரியுமா? பெரும்பாலான இடங்களில் சுமார் அரை மணி நேரம். பிறகு வேறு டீலர் வந்துவிடுவார், பழையவர் அடுத்த மேசைக்கோ ஓய்வுக்கோ போய்விடுவார். சீட்டுப் போடுவதும் தொகை எண்ணுவதும்தான் அவர் வேலை. சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அப்படியிருந்தும் ஒருவரை ஒரே இடத்தில் விடுவதில்லை. களைப்பில் கை தவறும், கண் தவறும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. தன் ஊழியர் விஷயத்தில் தெரிந்திருப்பது உங்கள் விஷயத்தில் தெரியாமலா இருக்கும்? நான் கேசினோவை வில்லனாக்கவில்லை. அது வியாபாரம், அது தன் கணக்கைச் சரியாகப் போடுகிறது. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

நம்மவரின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் வாத்தியாருக்கு அழகல்ல. “குறைஞ்ச ஆட்டத்துல அதிர்ஷ்டம்தான் சார் பேசும். நிறைய ஆடினாதான் திறமை தெரியும். நீங்க நடத்தினதுதானே, நிறைய தடவை நாணயம் சுண்டினா பாதிக்குப் பாதி வரும்னு?” என்று கேட்டார். மனசுக்குள் எனக்குச் சந்தோஷம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் நடத்தியது நினைவில் இருக்கிறதே! ஜேக்கப் பெர்னூலி நிறுவி, அவர் இறந்த பிறகு 1713-ல் அச்சான நூலில் வெளிவந்த பெரிய எண்களின் விதி அது. அது சரியான விதி. ஆனால் அது ‘நிறைய தடவை’ என்றுதான் சொல்கிறது, ‘தூங்காமல்’ என்று சொல்லவில்லை. நூறு மணி நேர ஆட்டம் வேண்டுமென்றால் ஐந்து ஐந்து மணி நேரமாக இருபது நாள் ஆடினாலும் நூறுதான். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: ஒவ்வொரு தடவையும் அதே நாணயமாக இருக்க வேண்டும். காலையில் ஆடியவனும் மறுநாள் விடியற்காலை ஆடுபவனும் ஒரே நாணயமா? தவிர, 31 மணி நேரம் என்பது ஆயிரம் ஆட்டம்கூட இல்லை. போக்கரில் திறமையை அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கப் பல்லாயிரம் ஆட்டம் வேண்டும் என்று அதை ஆராய்பவர்களே சொல்வார்கள். ஆக, ஒரு மாரத்தானில் திறமையை நிரூபிக்கவும் முடியாது. இழக்க மட்டும் முடியும்.

தூக்கம் பற்றி ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதி 0.03 வரைதான். இப்போது கோவா பயணத்தைக் கணக்கிடுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, பெட்டி கட்டி, விமானம் பிடித்து, ஓட்டலில் சாமான் போட்டுவிட்டு, இரவு ஒன்பதுக்குப் படகில் ஏறிக் கப்பலுக்குப் போனால், பதினொரு மணிக்கே 17 மணி நேரம் முடிந்துவிட்டது. மாரத்தானின் இரண்டாவது மணி நேரத்திலேயே நீங்கள் வண்டி ஓட்டத் தகுதியில்லாத ஆள். மீதி 29 மணி நேரம் பாக்கி இருக்கிறது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது 2011-ல் சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு. ஒரே ஒரு இரவு தூங்காதவர்களிடம் பந்தயம் போன்ற தேர்வுகளைக் கொடுத்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். தூங்கியிருந்தபோது நஷ்டத்தைக் குறைக்கப் பார்த்த அதே ஆட்கள், தூங்காதபோது லாபத்தைப் பெருக்கும் பக்கம் சாய்ந்தார்கள். நஷ்டம் வந்தால் மூளையில் தெரிய வேண்டிய அதிர்வும் மழுங்கியிருந்தது. களைத்தால் கவனம் குறையும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். இது வேறு. களைத்த மூளைக்கு இழப்பு வலிப்பதே குறைந்துவிடுகிறது. அடுப்பில் கை வைத்தும் சூடு தெரியாதவனைப் போல. காபி குடித்தால் கண் திறக்கும், இந்த வலி திரும்பி வராது.

போக்கர் ஆடுபவர்களே இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், டில்ட். பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் பிடித்து உலுக்கினால் அது ஸ்தம்பித்து நிற்குமே, அங்கிருந்து வந்த சொல். இயந்திரமாவது நின்றுவிடுகிறது. மனிதன் நிற்பதில்லை, மறுபடியும் பணம் மாற்றப் போகிறான்.

நம்மவர் நேர்மையானவர். ஆடிய நாள்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், எத்தனை மணி நேரம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று. கணக்கு வாத்தியாரிடம் படித்ததற்கு இதுவாவது மிச்சம். கொண்டுவரச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து இருவருமாகப் பார்த்தோம். சின்ன சின்ன நாள்கள், ஐந்தாறு மணி நேரத்துக்குள் எழுந்தவை, கூட்டிப் பார்த்தால் சிறிய லாபம். பன்னிரண்டு மணியைத் தாண்டியவை ஒன்றைத் தவிர எல்லாம் நஷ்டம். நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “அதிக நேரம் ஆடினா தோக்கறேன் சார்.”

இங்கே நான் அவரை நிறுத்தினேன், ஏனென்றால் அந்த முடிவும் அவசர முடிவுதான். அதிக நேரம் ஆடியதால் தோற்றாரா, தோற்றதால் அதிக நேரம் ஆடினாரா? ஜெயித்த நாளில் மனுஷன் சீக்கிரம் எழுந்துவிடுவான், கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமே. தோற்ற நாளில்தான் ‘விட்டதைப் பிடிச்சிட்டுப் போலாம்’ என்று உட்காருவான். ஆகவே நோட்டில் நீண்ட நாள்கள் எல்லாம் நஷ்ட நாள்களாகத்தான் தெரியும், களைப்பே இல்லாவிட்டாலும். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. தோல்வி நேரத்தை நீட்டுகிறது, நீண்ட நேரம் தோல்வியைப் பெருக்குகிறது. 31 மணி நேர நாளின் பக்கத்தைக் காட்டி, “ஒன்பதாவது மணியில் என்ன நிலைமை?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பவே பாதி போயிருந்தது சார்” என்றார். மீதி இருபத்திரண்டு மணி நேரம் அவர் போக்கர் ஆடவில்லை. எழுந்திருக்க முடியாமல் இருந்தார். அதைத்தான் நாம் குழுவில் கைதட்டிக் கொண்டாடினோம்.

உறவுகளில் சிலர் இந்த இடத்தில் பல்லைக் கடிப்பது தெரிகிறது. “சூதே தப்பு, அதுல மணிக்கணக்கு என்ன வேண்டிக்கிடக்கு? திருக்குறள்ல அதிகாரமே இருக்கே!” என்பீர்கள். இருக்கிறது, 94-வது அதிகாரம். அதை எடுத்துச் சொல்லத் தமிழய்யாக்கள் இருக்கிறார்கள். போகாமல் இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாற்பது வயதுக்காரரிடம் ‘போகாதே’ என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை போனை முன்னதாகவே அணைத்துவிட்டுப் போவார். தவிர, நம் வீட்டுக் கல்யாணங்களில் விடிய விடியச் சீட்டு நடக்கவில்லையா? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பந்திப் பாயைத் திருப்பிப் போட்டு, முன்னூத்திநாலும் ரம்மியும் ஆடாத மாமாக்கள் யார்? அந்த ஆட்டத்துக்கு ஒரு வேலி இருந்தது. நாலரை மணிக்கு நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பார். ஒரு அத்தை வந்து, “எழுந்திருங்கடா, பாயை மடிக்கணும்” என்பார். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும். கேசினோவில் முகூர்த்தம் இல்லை, பாயை மடிக்க அத்தையும் இல்லை. அந்த வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வியே.

சட்டம் செய்யுமா? ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமை ஆட்டம் என்று சொல்லி ஆன்லைன் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இவ்வளவு வருட வாதத்திலும் எனக்கு உருப்படியாகப் பட்டது 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த ஒரு விதி: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு. அதே வருடம் ஜூனில் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆட்டம் எது என்று கேட்காமல் மணி எத்தனை என்று கேட்ட விதி அது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்துவிட்டதால் இப்போது பேச்சே மாறிவிட்டது. ஆனால் கேசினோ கப்பல் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. கோவா அரசு 2020 முதல் தன் சொந்த ஊர்க்காரர்கள் கேசினோவுக்குள் வரக்கூடாது என்று வைத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வரலாம். அதாவது நாம் வரலாம். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் போக 150 வெள்ளி கட்ட வேண்டும், அது 24 மணி நேரத்துக்குச் செல்லும். மக்களைத் தடுப்பதற்காக வைத்த கட்டணம்தான். அதிலும் நம் ஆட்கள் சிலர், 150 கட்டிவிட்டோமே, 24 மணி நேரத்தையும் பயன்படுத்திவிட்டுத்தான் வெளியே வருவோம் என்று உட்காருவதாகக் கேள்விப்பட்டேன். தங்கும் விடுதியில் அறை எடுத்தால் செக்அவுட் நேரம் வரை ஏசியை அணைக்காத புத்தி. ஆனால் அந்த ஊரில் நல்ல ஏற்பாடு ஒன்றும் உண்டு: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விண்ணப்பித்து ஒருவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்க உத்தரவு பெறலாம். தானே தனக்குத் தடை போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே வழி, பழைய வாத்தியாருக்கு போன் செய்வது.

நளன் கதையில் சூது எத்தனை நாள் நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நாடகத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போலத் தோன்றும். வியாச பாரதத்தில் புஷ்கரனோடு நளன் ஆடியது பல மாதங்கள். குடிமக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், மந்திரிகள் சொல்கிறார்கள், தமயந்தி அழுது சொல்கிறாள். காதில் விழவில்லை. தமயந்தி என்ன செய்தாள்? ஆட்டம் முடியும் என்று காத்திருக்கவில்லை. சாரதி வார்ஷ்ணேயனை அழைத்து, இரண்டு குழந்தைகளையும் தேரில் ஏற்றித் தன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நளன் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தான். கலி புகுந்தான் என்று கதை சொல்கிறது. எனக்கு அந்த விளக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. பல மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடினால் யாருக்குள்ளும் கலி புகும்.

நம்மவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். போவதானால், எழுந்திருக்கும் நேரத்தை உட்காருவதற்கு முன்பே ஒரு சீட்டில் எழுதி, ஆடாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போ. எவ்வளவு போனால் எழுந்திருப்பேன் என்று தொகையை எழுதாதே. தொகையோடு பேரம் பேசலாம், கடிகாரத்தோடு பேசமுடியாது. தூங்கி எழுந்த நாளில் ஆடு, பயணம் செய்த நாளில் ஆடாதே. போன் அணைந்திருக்கக்கூடாது. சீட்டை மனைவியிடம் கொடுக்கச் சொன்னதற்கு, “எனக்கு எதுக்கு சார் அந்தக் காவல்காரி வேலை?” என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு குழுவில் கைதட்டிய சிங்கங்களில் ஒருவரே பொறுப்பேற்றுக்கொண்டார். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போன் போடுவது இனி அவர் வேலை. எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

குழுவில் இனி யாராவது இத்தனை மணி நேரம் ஆடினேன் என்று படம் போட்டால், இதயத்தை அனுப்புவதற்கு முன் ஒன்பதாவது மணியில் நிலைமை என்ன என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்

பின்குறிப்பு: 31 மணி நேரத்தில் ஏறக்குறைய 930 ஆட்டம். அத்தனையிலும் ஒரு முறைகூட ஜோடி ஏஸ் வராமல் போக வாய்ப்பு எவ்வளவு? நம்மவருக்கு அன்று வரவேயில்லையாம். வழிமுறையோடு கமெண்டில் எழுதுங்கள். கால்குலேட்டர் பரவாயில்லை, ஏஐயைக் கேட்கக்கூடாது.